பனிக்காலத்தில் பூங்காவும் மாற்றுத் திறனாளிகளும்

தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லே பல பொருள்களைக் குறிக்கின்றது. மார்கழி வைகறையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. சாலையை மறைக்கும் புகை போன்ற படலமும் பனி. இமயச் சாரலில் பஞ்சு போல விழுவதும் பனி. அது இறுகிக் கல் போலாவதும் பனியே. முன்பனி, பின்பனி என இரு பருவங்களை வகுத்த நம் முன்னோர் வாழ்ந்த நிலத்தில் இவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வழங்க வேண்டிய தேவை மிகுதியாக இருக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும், ஊன்றுகோலின் துணையால் நடப்போருக்கும், பார்வையற்றோருக்கும் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறான இடையூறுகளாகும். எனவே இக்கட்டுரையில், வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும், நீர் இறுகியதைப் பனிக்கட்டி என்றும், தரையிலும் புல்லிலும் வெண்மையாகப் படிவதை உறைபனி என்றும், காற்றில் மிதந்து பார்வையை மறைப்பதை மூடுபனி என்றும் வழங்குவோம்.

நம் நாட்டில் இவை நான்கும் உண்டு. காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றின் உயர்ந்த பகுதிகளில் வெண்பனி பொழிகின்றது. டில்லி முதலாகக் கங்கைச் சமவெளி முழுவதும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி கவிகின்றது. தென்னாட்டிலும் உதகமண்டலத்தின் புல்வெளிகளில் உறைபனி படிவதைக் காணலாம். ஸ்ரீநகரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையுள்ள நாற்பது நாள்களைச் 'சில்லை கலான்' என்று மக்கள் வழங்குகின்றனர். குளிரின் கடுமை மிக்க காலம் அதுவே.

இனி, ஸ்ரீநகர் போன்ற ஒரு நகரில் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் மாதம் வரை அவன் தன் தோழருடன் பூங்காவுக்குச் சென்று வருகின்றான். முதல் வெண்பனி விழுந்ததும் தோழர் அனைவரும் பூங்காவை நோக்கி ஓடுகின்றனர். அவன் மட்டும் சன்னல் ஓரத்தில் அமர்ந்துவிடுகின்றான். அவ்வாண்டு மார்ச் மாதம் வரை அவனுடைய உலகம் ஓர் அறையே. அவனைத் தடுத்து வைத்திருப்பது அவனுடைய கால்களின் குறையா, நாம் அகற்றாது விட்ட நான்கு அங்குல வெண்பனியா என்பதே இப்பாடத்தின் வினா.

1. உரிமையும் சட்டமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகளின் தொகை ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பண்பாடு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பிறரோடு ஒப்பப் பங்கு பெறும் உரிமையை வலியுறுத்துகின்றது. இந்தியா இதனை 2007ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது. அதனை ஒட்டி இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் பொழுதுபோக்கு உரிமையைப் பேசுகின்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகுதற்குரிய வசதிகள் பற்றிய நெறிகள் வெறும் பரிந்துரையாக நில்லாமல், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளாகவும் வகுக்கப்படல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தில் உரிமைக்குப் பருவம் குறிக்கப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கோடையில் திறந்தும் பனிக்காலத்தில் அடைபட்டும் கிடக்கும் சாய்வுப்பாதை, ஆண்டில் பாதிக் காலம் இல்லாத சாய்வுப்பாதையே ஆகும்.

2. வெண்பனியில் சக்கரம் ஏன் புதைகின்றது?

இதனை அறிய அழுத்தம் என்னும் எளிய கணக்கே போதும். அழுத்தமாவது, சுமையை அது தாங்கி நிற்கும் பரப்பால் வகுக்க வருவது. ஒருவரின் எடை 70 கிலோகிராம், நாற்காலியின் எடை 20 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 90 கிலோகிராம். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோகிராம், முன்னுள்ள இரு சிறு சக்கரங்களின் மேல் விழுகின்றது. ஒவ்வொன்றின் மேலும் 15 கிலோகிராம். சிறு சக்கரம் தரையைத் தொடும் இடம் 2.5 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் உடையதாயின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். ஆகவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோகிராம்.

இனி, அச்சக்கரத்தின் கீழ் 12 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சறுக்குப் பலகையைப் பொருத்தினால் பரப்பு 480 சதுர சென்டிமீட்டராகின்றது. அழுத்தம் 48 மடங்கு குறைந்து 0.03 கிலோகிராமுக்குச் சற்றே மிகுகின்றது. 70 கிலோகிராம் எடையுள்ளவர் 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு காலணியின் மேல் நிற்கும்பொழுது உண்டாகும் அழுத்தமோ 0.35 கிலோகிராம். இதனால், நடப்பவர் கால் கணுக்கால் அளவு புதையும் இடத்தில் சிறு சக்கரம் அடிவரை இறங்கிச் சிக்கிக்கொள்வதும், சறுக்குப் பலகை பூண்ட நாற்காலி மேலே நிற்பதும் விளங்கும்.

பனி மிக்க நாடுகளில் முன்சக்கரங்களுக்கு இத்தகைய சறுக்குப் பலகைகளையும், பின்னே அகன்ற சக்கரங்களையும் பொருத்திக்கொள்கின்றனர். இவை அரிய கருவிகள் அல்ல. மரவேலை அறிந்த ஒருவர் மாதிரியைக் கண்டால் பலகையைச் செய்துவிட முடியும். பூங்காவின் வாயிலில் இரண்டு இணை வைத்திருந்து, வருவோருக்கு இரவலாக அளிப்பது பெரிய செலவு ஆகாது. எனினும், கருவியைக் கொடுத்துவிட்டதால் பாதையைத் துப்புரவு செய்யும் கடமை நீங்கிவிடாது.

3. சாய்வுப்பாதை சறுக்குமரமாதல்

சாய்வுப்பாதைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 12க்கு 1 ஆகும்; அதாவது 12 மீட்டர் நீளத்தில் 1 மீட்டருக்கு மேல் உயரலாகாது. உலர்ந்த தரையில் இது பாதுகாப்பானது. ஆனால் பனிக்கட்டி படிந்த தரையில் நிகழ்வது யாது?

சரிவில் நிற்கும் பொருளை உராய்வே தாங்கி நிற்கின்றது. 12க்கு 1 என்னும் சரிவில் ஒரு பொருள் நழுவாதிருக்க உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.083 தேவை. உலர்ந்த கற்காரைத் தரையில் ரப்பருக்கு இதனைப் போலப் பன்மடங்கு உராய்வு உண்டு. உறைநிலையை ஒட்டி உருகி ஈரம் பூத்த பனிக்கட்டியின் மேலோ குணகம் 0.1க்கும் கீழாக இறங்கிவிடலாம். மேலும், நாற்காலியின் தடை பின்சக்கரங்களை மட்டுமே பற்றுகின்றது. அவை தாங்குவது மொத்தச் சுமையில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகையால் தடையிட்டு நிறுத்திய நாற்காலியும் அதில் அமர்ந்தவரோடு தானே கீழ்நோக்கி வழுக்கிச் செல்லக்கூடும். தடை பழுதுபட்டதென்று மக்கள் எண்ணுவர். உண்மையில் பழுது தரையில் உள்ளது.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படும். முதலாவது, பனி பெய்யும் ஊர்களில் புதிதாக அமைக்கும் பாதைகளை, இடம் உள்ளவரை, 20க்கு 1 என்னும் மென்சரிவில் அமைத்தல் நன்று. இரண்டாவது, சாய்வுப்பாதையின் இருபுறமும் கைப்பிடி வேண்டும். குளிர்காலத்தில் வெறும் இரும்பு கையின் வெப்பத்தை விரைந்து கவர்வதால், அதனை மரத்தாலோ உறையிட்டோ அமைத்தல் வேண்டும். மூன்றாவது, துப்புரவு செய்ய இயலாத நாளில் சாய்வுப்பாதையின் மேலும் கீழும் தடைக்கயிறு கட்டி, மாற்று வழியைக் காட்டும் பலகை வைக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்த வழி, மூடிய வழியைவிடத் தீங்கானது.

4. துப்புரவு செய்யும் முறை

களப்பணியாளர் பெரும்பாலோர் உழைப்பில் குறைவைப்பதில்லை. குறை முறையிலே உள்ளது. வழக்கமாக, வண்டிச்சாலையில் தொடங்கி, வெண்பனியை ஓரத்திற்குத் தள்ளுகின்றனர். அவ்வோரமே நடைபாதை, சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறும் சரிவும் அங்கேதான் உள்ளது. நடப்பவர் அக்குவியலைத் தாண்டிவிடுவர். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது மதில். பூங்கா முழுவதும் துப்புரவாக இருந்தும், வாயிலில் கிடக்கும் ஒரு குவியலால் அவ்வளவும் வீணாகின்றது.

எனவே பூங்காவுக்குச் செல்லும் வழியை ஒரு சங்கிலியாகக் கருத வேண்டும். பேருந்து நிறுத்தம் அல்லது வண்டி நிறுத்துமிடம், வாயில், பாதை, இருக்கை, கழிப்பிடம், திரும்பும் வழி என்பன அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை. ஆள்பலம் குறைவாயின், பெரிய பூங்கா முழுவதையும் ஓரளவு பெருக்குவதைவிட, இவ்வனைத்தையும் இணைக்கும் சிறிய சுற்றுப்பாதை ஒன்றை அடித்தரை தெரியுமாறு துப்புரவு செய்வதே சிறந்தது. அகலம் 90 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது; இரு நாற்காலிகள் எதிரெதிரே செல்லுமிடத்தில் 180 சென்டிமீட்டர் வேண்டும். மண்வெட்டி ஒன்றின் அகலத்தில் வெட்டிய ஒற்றையடிப் பாதை இதற்குப் போதாது.

அகற்றிய வெண்பனியை எப்பக்கம் குவிப்பது என்பதும் முக்கியம். நண்பகலில் குவியல் உருகும்; நீர் தாழ்ந்த இடத்தை நாடும். குவியல் பாதையின் மேட்டுப் பக்கத்தில் இருந்தால் நீர் பாதையின் குறுக்கே பாய்ந்து, இரவில் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டித் தகடாகிவிடும். மறுநாட் காலையில் முதலில் வருபவர் அதில் விழுவார். ஆகவே குவியலை எப்பொழுதும் பாதையின் பள்ளப் பக்கத்திலேயே இடுக.

உப்பைப் பற்றிச் சிறிது கூறுவோம். உப்பு கலந்த நீர் 0 பாகைக்குக் கீழேதான் உறையும். 100 பங்கு கரைசலில் சுமார் 23 பங்கு உப்பு உள்ளபோது உறைநிலை சுழியத்திற்குக் கீழ் 21 பாகை செல்சியஸ் வரை இறங்குகின்றது. ஆயினும் நடைமுறையில் சுழியத்திற்குக் கீழ் 10 பாகையை அணுகும்போதே உப்பின் வேலை மிக மெதுவாகிவிடும். மேலும் உப்பு மரவேர்களையும் மண்ணையும் கெடுக்கும். நாற்காலியின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே சாய்வுப்பாதை, வாயில் ஆகிய இடங்களில் மட்டும் சிறிதளவு தூவி, ஏனைய இடங்களில் மணலோ அடுப்புச் சாம்பலோ இடுதல் தகும். பனி நீங்கியதும் மணலைப் பெருக்கிவிட வேண்டும். உலர்ந்த மணலிலும் சிறு சக்கரம் சிக்கும்.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் வீடுகளை வெதுப்பிய பின் ஏறத்தாழ 35 பாகையில் வெளிவரும் வெந்நீரை நடைபாதைகளின் கீழ்க் குழாய்களில் செலுத்தி வெண்பனியை உருக்குகின்றனர். நிலத்தடி வெந்நீர் மிக்க நாட்டிற்கு அது எளிது. நமக்கு உள்ள பெருஞ்செல்வம் சூரியன்.

5. வெயிலைப் பயன்படுத்துதல்

ஸ்ரீநகர் வட அட்சம் 34 பாகையில் உள்ளது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் தென்வானில் ஏறத்தாழ 32½ பாகை உயரமே ஏறுகின்றது. அப்போது 3 மீட்டர் உயரமுள்ள மதிலின் நிழல் வடக்கு நோக்கி 4.7 மீட்டர் வரை நீளும். எனவே மதிலின் வடபுறத்தே ஒட்டிச் செல்லும் பாதையில் பனிக்கட்டி பல நாள் உருகாது கிடக்கும். தென்புறத்தே செல்லும் பாதை ஒரே நண்பகலில் உலர்ந்துவிடக்கூடும். குளிர்காலச் சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுக்கையில் இவ்வொரு செய்தியை அறிந்தால் பாதி உழைப்பு மிஞ்சும்.

மரங்களுக்கும் இதுவே. தேவதாரு ஆண்டு முழுதும் இலை தாங்கி நிழல் செய்யும். சினார் மரம் இலையுதிர்த்து வெயிலை விடும். ஆனால் சினாரின் ஈரச் சருகு வழுக்கும் தன்மையுடையது. அதனை உடனே பெருக்குதல் வேண்டும். இருக்கைகள் தெற்கு நோக்கியவையாகவும், கல்லும் இரும்பும் அன்றி மரத்தால் ஆனவையாகவும், பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்க இடம் உடையவையாகவும் இருக்கட்டும்.

தால் ஏரிக்கரையிலுள்ள நிஷாத் பூங்கா போன்ற முகலாயத் தோட்டங்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்கான தளங்களாக அமைந்தவை. நிஷாத்தில் பன்னிரண்டு தளங்கள். தளத்திற்குத் தளம் படிகள். தொன்மைச் சின்னங்களை இடித்து மாற்றுதல் முறையன்று. ஆயினும் இத்தகைய இடங்களில் கீழ்த்தளத்தையேனும் முழுமையாகத் துப்புரவு செய்து, அங்கிருந்தே ஏரியும் மலையும் தெரியும் இடத்தில் இருக்கை அமைத்து, பொருத்தி எடுக்கத்தக்க மரச் சாய்வுகளால் அணுகத்தக்க தளங்களை இணைக்கலாம். முழுவதும் இயலாமை, சிறிதும் செய்யாமைக்குக் காரணம் ஆகாது.

6. கண்ணும் செவியும் உடலும்

பார்வையற்றோர் கோலின் நுனியாலும் காலடியாலும் செவியாலும் வழி அறிகின்றனர். வெண்பனி பாதையின் விளிம்பையும், தரையில் பதித்த தொட்டுணர் ஓடுகளையும் மறைக்கின்றது. புதிய வெண்பனி ஒலியையும் விழுங்குவதால் வாகனத்தின் ஓசையும் எதிரொலியும் மங்கிவிடுகின்றன. ஆகையால் தொட்டுணர் ஓடுகளை முதலில் துப்புரவு செய்வதோடு, பாதையோரம் இடுப்பளவில் ஒரு கயிறு கட்டுதல் பெரிதும் பயன் தரும். மங்கிய பார்வை உடையோருக்கு மூடுபனி மற்றவரைக் காட்டிலும் மிக்க இடர். வழிகாட்டும் பலகைகளும் படி விளிம்புகளும் கரும்பின்னணியில் மஞ்சள் நிறமாக இருத்தல் வேண்டும். செவிப்புலன் இல்லாதோர் கைச்சைகையால் பேசுவதால், மூடுபனியிலும் இருளிலும் அவர்தம் பேச்சே தடைப்படுகின்றது. ஒலிபெருக்கி எச்சரிக்கையும் அவர்களுக்கு எட்டாது. விளக்கொளி இரு சாராருக்கும் தேவை. அறிவுவளர்ச்சிக் குறை உடையோர் பழகிய அடையாளங்கள் வெண்பனியில் மறைந்ததும் கலங்குவர். எளிய படங்கள் வரைந்த பலகைகள் அவர்களுக்குத் துணையாகும்.

உடலியல் பற்றியும் பணியாளர் அறிதல் வேண்டும். தண்டுவடம் மேற்பகுதியில் காயமுற்றவருக்குக் காயத்தின் கீழுள்ள உடற்பகுதி குளிரை உணர்வதில்லை. அப்பகுதி நடுங்கி வெப்பம் உண்டாக்குவதும் இல்லை. இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கால் விரைவில் குளிர்ந்துவிடும். 2014ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது எனினும், முன்னர்ப் பாதிக்கப்பட்டோர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். பெருமூளை வாதம் உடையோருக்குக் குளிரில் தசை இறுக்கம் மிகும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நடப்பவரைப் போல் தசையை இயக்குவதில்லையாதலால், உடன் வருபவருக்கு இதமாகத் தோன்றும் வேளையிலும் அவர் குளிர்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே 'உமக்குக் குளிர்கின்றதா?' என்று கேட்பதோடு நில்லாது, விரல்களின் நிறத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளல் நன்று.

காஷ்மீரில் மேலங்கியின் உள்ளே 'காங்கிரி' என்னும் கனற்சட்டியை வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. உணர்ச்சியற்ற கால்களின் மேல் இதனை வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. அன்பினால் செய்யும் உதவியே தீங்காக முடியும் இடம் இது. போர்வையும் கையுறையும் காலுறையுமே தக்கவை. மின்கலத்தால் இயங்கும் நாற்காலிகளில் ஈயமின்கலத்தின் ஆற்றல் உறைநிலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆதலால் திரும்பும் தொலைவைக் கணக்கிட்டே புறப்பட வேண்டும்.

7. பார்வையாளராக அன்று, பங்கு பெறுவோராக

பாதையைத் துப்புரவு செய்வது தொடக்கமே. பூங்காவிற்கு வருபவர் அங்கே செய்வதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். 1976ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஏர்ன்ஷெல்ட்ஸ்விக் நகரில் முதலாவது குளிர்காலப் பாராலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. இன்று கால் இயங்காதோர் அமர்ந்து செல்லும் சறுக்குக் கருவியில் மலைச்சரிவில் இறங்குகின்றனர். அமர்ந்து ஆடும் பனிக்கட்டி ஹாக்கியும் ஆடுகின்றனர். கனடாவின் ஒட்டாவா நகரில் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள சறுக்குப் பாதையாகின்றது. வெண்பனிப் பொம்மை செய்வதற்கு நிற்க வேண்டியதில்லை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு மேசையின் மேல் வெண்பனியைக் குவித்து வைத்தால், நாற்காலியில் உள்ள குழந்தையும் ஏனைய குழந்தைகளோடு சேர்ந்து அதனைச் செய்யும்.

8. ஆசிரியர்களுக்குச் சில சோதனைகள்

பனி இல்லாத ஊர்ப் பள்ளிகளிலும் இப்பாடத்தை நடத்தலாம்.

(அ) ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்புக. ஒரே எடையை முதலில் ஒரு சிறு உருளையின் மேலும், பின்னர் ஒரு பலகையின் மேலும் வைத்து, புதையும் ஆழத்தை மாணவர் அளந்து ஒப்பிடட்டும்.

(ஆ) மரப்பலகை ஒன்றில் ரப்பர்த் துண்டை வைத்து, அது நழுவத் தொடங்கும்வரை ஒரு முனையை உயர்த்துக. உயரத்தைக் கிடைநீளத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். பின் பலகையில் சவர்க்கார நீர் தடவி மீண்டும் செய்க.

(இ) இரு கிண்ணங்களில் நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, ஒன்றில் உப்பைக் கலந்து, இரண்டிலும் வெப்பமானியை வைத்துப் பார்க்க.

(ஈ) டிசம்பர் மாதம் நண்பகலில் பள்ளி மதிலின் நிழலை அளந்து, சூரியனின் உயரத்தைக் கணக்கிடுக.

(உ) பள்ளியிலிருந்து அண்மைப் பூங்கா வரை ஒரு சக்கர நாற்காலியையோ தள்ளுவண்டியையோ செலுத்திச் சென்று, தடைப்படும் இடங்களை வரைபடத்தில் குறிக்க. இதில் மாற்றுத் திறனாளி மாணவர் இருப்பின் அவரே தலைவராக இருந்து குறிப்பெடுக்கச் செய்க, அறிந்தவர் அவரே. வரைபடத்தை நகராட்சிக்கு அனுப்புக.

முடிவாக ஒன்று. களப்பணியாளர் தம் பணி முடிந்ததென வீடு திரும்புமுன், வாயிலிலிருந்து இருக்கை வரை ஒரு வெற்று நாற்காலியைத் தாமே ஒருமுறை தள்ளிச் சென்று பார்ப்பாராக. அது தடையின்றிச் சென்றால் பூங்கா திறந்திருக்கின்றது. செல்லாவிடின், வாயிற்கதவு எவ்வளவு அகலத் திறந்திருப்பினும் பூங்கா மூடியே இருக்கின்றது. சன்னலோரத்தில் அமர்ந்திருக்கும் அம்மாணவனுக்கும் பூங்காவுக்கும் இடையே உள்ளது அரை மணி நேர உழைப்பு. அவ்வுழைப்பை எங்கே, எம்முறையில் செய்வது என்று அறிவதே இப்பாடத்தின் பயன்.